அவள் நாற்காலியில் இன்னொருவர்

செப்டம்பர் ஒன்பதாம் நாள், புதன்கிழமை.

குறை இதுதான்: ஒரு நிறுவனம் தன் ஊழியரிடம், "கைப்பேசியில் வரும் கேள்விக்கு விடை சொன்னால்தான் உன் கணினி திறக்கும்" என்கிறது. அதே நிறுவனம் அதே ஊழியரிடம், "கைப்பேசியை உள்ளே கொண்டுவரக் கூடாது" என்றும் சொல்கிறது. இரண்டு ஆணைகளிலும் ஒருவரே கையெழுத்திட்டிருக்கிறார். இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிப்பது எப்படி என்று அவரிடம் கேட்டவரும் இல்லை. அவராகச் சொல்லவும் இல்லை. இன்று ஒரு தையற்காரரின் குடும்பத்துக்கு நேர்ந்த அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

தையற்காரரின் மனைவிக்கு ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சோதனை முடிவுகளைக் கணினியில் ஏற்றுபவள். நோயாளி ஒருவரின் முடிவை யாரோ படமெடுத்து வெளியே அனுப்பிவிட்டதால், சென்ற மாதம் வாயிலில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்தார்கள். ஊழியர்களின் கைப்பேசிகளெல்லாம் காலையில் அதற்குள் போகும். மாலையில்தான் வெளியே வரும். கணினியோ, கடவுச்சொல்லைத் தட்டியபின், "உள்நுழைவது நீங்கள்தானா?" என்று கைப்பேசிக்குக் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். ஒரு நிமிடத்துக்குள் விடை வராவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும்.

மேசைக்கும் வாயிலுக்குமாக ஓடி ஓடிச் சலித்தவள், கேள்வி தன் கணவரின் கைப்பேசிக்கு வருமாறு மாற்றிவைத்தாள். அவர்தாம் வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரத்தோடு நாள் முழுதும் இருப்பவராயிற்றே! இந்த ஏற்பாடு கணவன் மனைவி இருவரைத் தவிர வேறொருவருக்கும் தெரியாது. குறிப்பாக, அந்தக் கூடத்தின் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பாளரான அவளுடைய அண்ணனுக்குத் தெரியவே கூடாது.

தையற்காரருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அவள் பேருந்தேறிப் போனபின், துணிகளுக்கு நடுவே கைப்பேசி அதிரும். அவர் மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமலேயே எட்டி, "ஆம், நான்தான்" என்னும் பச்சைப் பொத்தானை அமுக்குவார். அவள் பத்திரமாகச் சேர்ந்து நாற்காலியில் அமர்ந்துவிட்டாள் என்பது அவர் மனக்கணக்கு. மனைவியின் பெயரால் "நான்தான்" என்று சொல்வதில் அவருக்கு ஒரு சிறு மகிழ்ச்சிகூட இருந்தது.

இன்று காலையும் அதிர்ந்தது. அமுக்கினார். வெள்ளை மேலங்கி ஒன்றின் கழுத்துப்பட்டியைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தவேயில்லை.

கழுத்துப்பட்டியை முடித்து, கைகளுக்கான துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை வைத்தபோது கைப்பேசி மீண்டும் அதிர்ந்தது.

"உள்நுழைவது நீங்கள்தானா?"

அவருடைய கை நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் வழக்கமாக நாற்காலியில் அமரும் நேரம் இப்போதுதான் ஆகியிருந்தது.

அப்படியானால் முன்பு அமர்ந்தது யார்?

முதல் அதிர்வு வந்தபோது அவள் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்கமாட்டாள். விடைக்கான அந்த ஒரு நிமிடம் கரைந்துகொண்டிருந்தது. அமுக்காவிட்டால் அவளால் வேலை தொடங்க முடியாது, "ஏன் திறக்கவில்லை?" என்று அண்ணன் வந்து நிற்பார், குட்டு வெளிப்படும். பச்சைப் பொத்தானையே அமுக்கினார்.

உடனே அவளை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், மற்றக் கைப்பேசிகளின் நடுவே, கேட்க ஆளின்றி அது அடிப்பதை அவர் நன்றாகவே கற்பனை செய்துகொண்டார். துண்டித்தார். மீண்டும் அழைத்தார்.

மைத்துனரின் எண்ணை எடுத்தார், வைத்தார். "என் தங்கையால் எனக்குத் தலைகுனிவு வராது" என்று உறுதி கூறித்தான் அவர் அவளுக்கு அந்த வேலையை வாங்கித் தந்திருந்தார். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஏதோ கோளாறாக இருக்கும், இயந்திரம் ஒரே கேள்வியை இருமுறை கேட்டிருக்கும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு கத்தரியை எடுத்தார். வெட்டி முடித்துப் பார்த்தால், மேலங்கியின் இரண்டு கைகளும் இடக்கைகள். இத்தனை ஆண்டுத் தொழிலில் பழகுநராக இருந்தபோதுகூட அவர் அப்படி வெட்டியதில்லை.

நண்பகலில் மைத்துனரே அழைத்தார்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டாச்சா?" கேள்வி சாப்பாட்டைப் பற்றியது, குரல் அதைப் பற்றியதாக இல்லை. "தங்கச்சி இன்னைக்கு வர நேரமாகும். தேடாதீங்க. இங்க ஒரு பிரச்சினை."

"என்ன மச்சான்?"

"உள்ள ஆள் பூந்துட்டான்."

"திருடனா? வாட்ச்மேன் என்ன தூங்கிட்டிருந்தாரா?"

"வாட்ச்மேனைத் தாண்டி வர்ற திருடனா இருந்தா ரெண்டு போட்டு உட்கார வெச்சிருப்போமே! இவன் கம்ப்யூட்டர் வழியா வந்தவன். எந்த ஊர்ல உட்கார்ந்திருக்கானோ தெரியாது. நாளைக்குக் காலையில ஆபரேஷனுக்கு இருக்கிறவங்க ரிசல்ட் ஒண்ணுகூடத் திறக்கல. தொட்டா கன்னாபின்னான்னு எழுத்து வருது. எல்லாத்தையும் பூட்டிட்டுச் சாவியை அவன் வெச்சிருக்கான்."

"ஐயோ! வேற பிரதி கிடையாதா?"

"இருக்கு. பேக்கப்புனு தினமும் ஒரு பிரதி எடுத்துத் தனியா வைக்கிறோம். ஆனா ஆள் உள்ளயே நிக்கும்போது அதைக் கொண்டுவந்து வெச்சா, அதையும் சேர்த்துப் பூட்டிடுவான். முதல்ல அவனை வெளியே தள்ளணும். அவன் யார் பேர்ல வந்தான்னு தெரிஞ்சாத்தானே தள்ளலாம்? யார் எப்ப உள்ள வந்தாங்கன்னு கம்ப்யூட்டர் ஒரு பதிவு வெச்சிருக்கும். அதையும் துடைச்சிட்டான்."

"எல்லாரையும் சேர்த்து வெளியே தள்ளிட்டா?"

"ரத்தம் சோதிக்கிற மெஷினெல்லாம் அதோடதானே கட்டியிருக்கு! எல்லாம் ஒண்ணா நின்னுபோகும். உள்ள அவசரக் கேஸ் ஓடிட்டிருக்கு மாப்பிள்ளை. அதான் ஒவ்வொருத்தர் கணக்கா நோண்டிட்டிருக்கேன். சாயங்காலம் ஆயிடும்."

"அவனை... யாரு உள்ள விட்டிருப்பாங்க?"

"உங்க வீட்டுக்கு ரெண்டு பூட்டுன்னு வைங்க. ஒண்ணு பாஸ்வேர்டு. அதைச் சரியாத் திறந்தாத்தான் ரெண்டாவது பூட்டு, அதாவது போன்ல வர்ற கேள்வி. முதல் பூட்டு திறக்காம அந்தக் கேள்வி வரவே வராது. அதுக்கு ‘ஆம்’னு யாரோ அமுக்கியிருக்காங்க. காலையில எல்லாருக்கும் முன்னாடி வந்தது நம்ம சிட்டுதான். மேனேஜர் ரூம்ல உட்கார வெச்சுத் துருவிட்டிருக்காங்க. பாவம், அழுதுகிட்டிருக்கு."

சிட்டு என்பவள் மனைவியின் பக்கத்து மேசைக்காரி. உருவத்தால் வந்த பெயர். இந்த வீட்டுக்கு வந்து, இதே முன்னறையில் நின்று, தனக்கொரு மேலங்கிக்கு அளவு கொடுத்துப் போனவள்.

"யாராவது தெரியாம அமுக்கியிருந்தா, மச்சான்?"

"தெரியாம அமுக்க அதென்ன காலிங் பெல்லா? ‘நீங்கதானா’ன்னு தெளிவாக் கேக்குது. நானில்லேன்னா ‘இல்லை’ன்னு பக்கத்துலயே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கே, அது எதுக்கு? அழகுக்கா?"

அப்படியொரு பொத்தான் இருப்பதைத் தையற்காரர் இதுவரை கண்ணெடுத்தும் பார்த்ததில்லை.

"ஆனா... அது காலையில நடந்தது. இப்ப அவன் போயிருப்பான்ல?"

"அங்கதான் வயித்தெரிச்சல். ஒருதடவை ‘ஆம்’னு சொல்லிட்டா அது செஷன். வெளியேத்துற வரைக்கும் மறுபடி கேள்வி கிடையாது, பூட்டு கிடையாது. சொகுசா நாற்காலியில உட்கார்ந்த மாதிரி. இந்த நிமிஷம்கூட உட்கார்ந்துட்டுத்தான் இருக்கான். சரி, வைக்கிறேன். நீங்க சாப்பிடுங்க."

அழைப்பு அறுந்தது.

காலையில் செய்தது பிழை. ஆனால் அதன்பின் வாய்மூடியிருந்த ஒவ்வொரு நிமிடமும் அந்த முகமறியாதவனுக்கு அவர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சொன்னால் மனைவியின் வேலை போகும். மைத்துனரின் மானம் போகும். சொல்லாவிட்டால் சிட்டு போவாள். நாளைக் காலையில் மேசையில் கிடத்தப்படுபவரின் இரத்தம் எவ்வகை என்று மருத்துவர் யாரைக் கேட்பார்? தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் போனால், பின்வாங்க இடமிராது.

இரண்டு இடக்கைகளையும் மேசையிலேயே போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக் கழற்றவும் மறந்து கிளம்பினார்.

பேருந்தில் கைப்பேசியை உள்ளங்கையில் வைத்து, பாம்புக்குட்டியைப் பிடித்திருப்பவர்போல், பார்த்துக்கொண்டே வந்தார். அது அதிரவில்லை. அதிராதது இன்னும் அச்சமாக இருந்தது. உட்கார்ந்திருப்பவன் எதற்குக் கதவைத் தட்டப்போகிறான்?

வாயிற்காவலர் அளவுநாடாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்குத் தைக்க வந்தீங்க? போனைப் பெட்டியில போட்டுட்டு உள்ள போங்க."

"இது பெட்டியில போடுற போன் இல்லீங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. டைரக்டர் போனே உள்ள குப்புறப் படுத்துத் தூங்குது. உங்க போனுக்கு மட்டும் கட்டிலா போடணும்?"

"என் மச்சான் இங்கதான் கம்ப்யூட்டர் பாக்குறார். அவரைக் கூப்பிடுங்க. அவசரம்."

"ஓ, மாப்பிள்ளையா? மாப்பிள்ளை முறுக்கையெல்லாம் வீட்டுல வெச்சுக்கணும். இங்க விதின்னா விதி!"

"விதியாலதாங்க இவ்வளவும்!"

தாம் கத்துவதைத் தாமே கேட்டுத் தையற்காரர் திடுக்கிட்டார். காவலரும் திடுக்கிட்டு உள்தொலைபேசியை எடுத்தார்.

மைத்துனர் வந்தார். காலைமுதல் ஒன்றும் உண்ணாத முகம்.

"என்ன மாப்பிள்ளை, வீட்டுல யாருக்காவது..."

"நான்தான் அமுக்கினேன்."

"எதை?"

"அந்தக் கேள்வி... அவ கேள்வி இந்தப் போனுக்குத்தான் வரும். இன்னைக்கு ரெண்டு தடவை வந்துச்சு. முதல் தடவை அவ இன்னும் பஸ்ஸே ஏறல. நான் பாக்காம அமுக்கிட்டேன்."

மைத்துனர் குனிந்து அந்தக் கைப்பேசியைப் பார்த்தார். காவலர் இரும்புப் பெட்டியைத் துடைப்பதுபோல் அதன் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"எவ்வளவு நாளா இந்தக் கூத்து?"

"பெட்டி வெச்ச நாளிலேருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீங்க விட்டிருக்கமாட்டீங்க."

"விட்டிருக்கமாட்டேன்தான்! அதுக்குத்தானேய்யா எனக்குச் சம்பளமே!" என்றவர், கத்திய வேகத்திலேயே குரலைத் தாழ்த்தினார். "நான் போன்ல பேசும்போதே உங்களுக்குத் தெரியும். அப்படித்தானே?"

"தெரியும்."

"சரி. இப்பவாவது வந்தீங்களே. வாங்க."

கைப்பேசி முதன்முறையாக அந்தப் பெட்டியைக் கடந்து உள்ளே போனது.

கூடத்து நடைவழியில் மனைவி நின்றிருந்தாள். கணவரையும் அவர் கையிலிருந்ததையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடிந்துகொள்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ சுவரைப் பற்றிக்கொண்டு அருகிலிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது பூட்டுதாங்க நீங்க திறந்தது," என்றாள். "முதல் பூட்டைத் திறந்தது நான்."

"என்னம்மா சொல்ற?" என்றார் அண்ணன்.

"போன வாரம் ஒரு மெயில் வந்துச்சுண்ணா. ‘உங்கள் பாஸ்வேர்டு இன்றோடு முடிகிறது, இந்த லிங்கை அமுக்கிப் புதுப்பிக்கவும்’னு. அமுக்கினேன். பழைய பாஸ்வேர்டைக் கேட்டுச்சு. போட்டேன். அப்புறம் ஒண்ணுமே நடக்கல. வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்துச்சு. அப்பவே எனக்குப் பயம்."

"யாரு என்னன்னு பாக்காமலா அமுக்குவே?"

"உன் பேர்லதான் வந்துச்சு."

"என் பேர்லயா? ‘அன்புள்ள பயனரே’ன்னு நான் உன்னை என்னைக்காவது கூப்பிட்டிருக்கேனா?"

"‘எருமை’ன்னு ஆரம்பிக்கலையேன்னு அப்பவே யோசிச்சிருக்கணும்," என்றாள் அவள். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. அண்ணன் அவள் தலையில் கையை வைத்தார். வைத்ததைத் தாமே கவனிக்காதவர்போல் உடனே எடுத்துக்கொண்டார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், அவள் அந்த மின்னஞ்சலையும் அவர் படிக்காமலே அமுக்கும் பழக்கத்தையும் சொல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து உண்டிருக்கிறார்கள்! மறைத்த இரண்டையும் உணவுவேளையில் ஒன்றாக வைத்திருந்தால், திருடன் இன்னும் வாயிலிலேயே நின்றிருப்பான்.

மேலாளர் அறையில் சிட்டு ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டை கசங்கிப் பந்தாகியிருந்தது. மைத்துனர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். மேலாளர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "முதலில் அவனை வெளியே தள்ளுங்க. மத்ததை நாளைக்குப் பேசலாம்," என்றார்.

அருகிலிருந்தது மேலாளரின் கணினி. அதிலேயே மைத்துனர், மனைவியின் கணக்கை "எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்று" என்று ஆணையிட்டார். பிறகு புதிய கடவுச்சொல்லை இடச் சொல்லிவிட்டு, முறைப்படி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தட்டினாள். சிட்டு சன்னலோரம் நின்றாள். மேலாளர் நாற்காலிக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தையற்காரர் தம் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதே. என்கிட்டகூட," என்றார் மைத்துனர். "புது ஏற்பாடு பண்ற வரைக்கும் கேள்வி உங்க போனுக்கே வரட்டும், மாப்பிள்ளை. இவ பக்கத்துல நின்னு சொன்னா மட்டும் ‘ஆம்’. இல்லேன்னா தொடவே தொடாதீங்க."

பிரதியை இறக்கும் வேலை தொடங்கியது. முதல் முடிவு எழுத்துச் சிதையாமல் திரையில் வந்தபோது, அறையிலிருந்த எல்லாரும் அதுவரை மூச்சுவிடாமலிருந்தது தெரிந்தது.

"நீ போகலாம்மா," என்றார் மேலாளர் சிட்டுவிடம்.

"அவ்வளவுதானா சார்? காலையிலேருந்து திருடின்னு உட்கார வெச்சீங்க."

"புரொசீஜர்னு ஒண்ணு இருக்கு."

"சீக்கிரம் வந்தது குத்தம்னா, நாளையிலேருந்து மத்தியானமா வரேன் சார்," என்று சொல்லிவிட்டு அவள் கதவருகே நின்றாள். மனைவி போய் அவள் கையைப் பிடித்தாள். சிட்டு கையை உதறவுமில்லை, பற்றவுமில்லை.

மனைவியின் அடையாள அட்டையை மேலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். நாளைக் காலையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் விசாரணை. பெட்டியை வைக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவருக்கு விசாரணை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. மூவரும் வாயிலுக்கு வந்தார்கள். காவலர் பெட்டியைத் திறந்து அவளுடைய கைப்பேசியைக் கொடுத்தார். "நிறைய தடவை அடிச்சதும்மா," என்றார் மெதுவாக. அவள் தவறிய அழைப்புகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே எண்.

"பயந்துட்டீங்களா?"

"ரெண்டு இடக்கை வெட்டிட்டேன்."

"இடக்கையா?"

"வீட்டுக்கு வா, காட்டுறேன்."

அவள் முதன்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியுமுன் அவர் கையிலிருந்தது அதிர்ந்தது.

"உள்நுழைவது நீங்கள்தானா?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மனைவியின் ஒரு கையில் பை. மறுகையில் அவளுடைய கைப்பேசி. அவள் எந்த நாற்காலியிலும் இல்லை. எந்தக் கணினியையும் தொடவில்லை.

"பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பாக்குறானோ?" என்றார் தையற்காரர்.

மைத்துனரின் முகம் வெளிறிவிட்டது. "பழையதைப் போட்டா கேள்வியே வராது மாப்பிள்ளை. புதுசைச் சரியாப் போட்டிருக்கான்."

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணா! உன்கிட்டகூடச் சொல்லல!"

"நீ அதைத் தட்டினது மேனேஜர் கம்ப்யூட்டர்லதானே," என்றார் அவர். திரும்பி, மாடியில் விளக்கெரியும் மேலாளரின் சன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் தென்படவில்லை.

தையற்காரர் தம் வாழ்வில் முதன்முறையாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். திரை இருண்டது. மூவரும் காத்திருந்தார்கள்.

மீண்டும் அதிர்ந்தது.

கடவுச்சொல்லைத் தட்டியபோது அந்த அறையில் நின்றவர்களை நீங்களும் பார்த்தீர்கள், வாசகரே. இந்நேரம் உங்கள் மனம் அவர்களுள் ஒருவரைத் திருடராகத் தேர்ந்தெடுத்திருக்கும். சிட்டுவையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே யாரையும் சுட்டுவதற்கு முன் இதற்கு விடை சொல்லுங்கள்: உங்கள் கைப்பேசி கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன? அதைப் படித்துவிட்டுத்தான் ‘ஆம்’ என்று அமுக்கினீர்களா?